கேள்வி சரியாக இருந்ததா? – ஹைகன்ஸ் விட்டுச்சென்ற ஐந்து கணக்குகள்



தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்று, இப்பொழுது நான்காம் படிவத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி, சில வாரங்களுக்கு முன்னர் தம் தாயாருடன் என்னைக் காண வந்திருந்தாள். கையில் ஒரு கணிதப் பயிற்சித்தாள். அதிலிருந்த கேள்வியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'ஒரு பையில் 3 சிவப்புக் கோலிக்குண்டுகளும் 2 நீலக் கோலிக்குண்டுகளும் உள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக இரு குண்டுகள் எடுக்கப்படுகின்றன. இரண்டும் சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?'

மாணவி 9/25 என்று எழுதியிருந்தாள். விடைப்பக்கத்தில் 3/10 என்று இருந்தது. நானும் அப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தவறம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் சற்றுத் தயங்கிவிட்டு, "ஐயா, எடுத்த குண்டைத் திரும்பப் பைக்குள் போடக்கூடாது என்று கேள்வியில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

கேள்வியை மீண்டும் படித்தேன். எங்கும் இல்லை. குண்டைத் திரும்பப் போட்டால் 3/5 × 3/5 = 9/25. போடாவிட்டால் 3/5 × 2/4 = 3/10. இரண்டு விடைகளும் சரியே. குறை கேள்வியில் இருந்தது. அதைக் கவனியாமல் 'தவறு' என்று சொன்ன என்னிடமும் இருந்தது.

அவர்கள் சென்ற பின்னர், இதே குழப்பம் ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர்களிடையே எழுந்தது நினைவுக்கு வந்தது. நிகழ்தகவுப் பயிற்சிக் கணக்குகளின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது எனலாம்.

நிகழ்தகவுக் கணிதத்தின் பிறப்பாண்டாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1654. அவ்வாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒரு பழைய சிக்கலைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டனர். இருவர் ஆளுக்கு 32 காசு வைத்து விளையாடுகின்றனர். முதலில் மூன்று சுற்றுகளை வெல்பவருக்கே 64 காசும். ஒருவர் இரண்டு சுற்றும் மற்றவர் ஒரு சுற்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிட்டால், பணத்தை எவ்வாறு பங்கிடுவது? அடுத்த சுற்றில் முதலாமவர் வென்றால் அவருக்கு 64. தோற்றால் இருவரும் சமநிலை, ஆளுக்கு 32. ஆகவே 32 காசு எப்படியும் அவருடையது. எஞ்சிய 32இல் பாதியும் அவருக்குரியது. முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16 என்பது பாஸ்கல் கண்ட விடை. நடந்து முடிந்ததைப் பாராமல் இனி நடக்கக்கூடியவற்றைக் கணக்கிடும் இச்சிந்தனையே பெரிய திருப்பமாக அமைந்தது. ஆயினும் அக்கடிதங்கள் அன்று நூலாக வெளிவரவில்லை.

அடுத்த ஆண்டு, 1655இல், ஹாலந்தைச் சேர்ந்த கிறிஸ்தியான் ஹைகன்ஸ் பாரிசுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 26. சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டனை அவ்வாண்டுதான் கண்டறிந்திருந்தார். பாரிசில் இச்சிக்கல்களைக் கேள்வியுற்றார். ஆனால் அப்பயணத்தில் பாஸ்கலையோ ஃபெர்மாவையோ சந்திக்கவில்லை. ஊர் திரும்பியதும் தாமே முயன்று வழிகளைக் கண்டறிந்து ஒரு சிறு நூலாக எழுதினார். அவருடைய ஆசிரியர் வான் ஸ்கூட்டன் அதனை இலத்தீனில் பெயர்த்து, 1657இல் தம் நூலின் இறுதியில் சேர்த்து வெளியிட்டார். அச்சில் வெளிவந்த முதல் நிகழ்தகவு நூல் அதுவே.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அந்நூலின் முடிவைத்தான். பதினான்கு கூற்றுகளை விளக்கிய பின்னர், ஐந்து கணக்குகளை ஹைகன்ஸ் அங்கே விட்டுவைத்தார். சிலவற்றுக்கு விடை மட்டும் தந்தார்; வழிமுறையைத் தரவில்லை. படிப்பவர் தாமே முயல்வதற்கும் ஏதேனும் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று நம் பாடநூல்களில் ஒவ்வோர் அலகின் முடிவிலும் காணும் பயிற்சிப் பகுதிக்கு, நிகழ்தகவைப் பொறுத்தவரை, இதுவே முன்னோடி.

அவ்வைந்தில் இரண்டாவது கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு வில்லைகள் உள்ளன. நான்கு வெள்ளை, எட்டுக் கறுப்பு. மூவர் கண்ணை மூடிக்கொண்டு முறைவைத்து ஒவ்வொன்றாக எடுக்கின்றனர். முதலில் வெள்ளையை எடுப்பவருக்கே வெற்றி. மூவரின் வாய்ப்புகள் எந்த விகிதத்தில் இருக்கும்?

எடுத்த வில்லையைத் திரும்பப் போடுவதா, இல்லையா? கணக்கில் அது சொல்லப்படவில்லை. விடையும் தரப்படவில்லை.

ஹைகன்ஸ் மனத்தில் கொண்டிருந்தது திரும்பப் போடும் முறை. அதன்படி முதலாமவரின் வாய்ப்பு முதற்சுற்றில் 1/3; இரண்டாமவருக்கு 2/3 × 1/3 = 2/9; மூன்றாமவருக்கு 4/27. ஒவ்வொரு சுற்றிலும் இதே விகிதம் தொடர்வதால் விடை 9 : 6 : 4. ஆனால் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹுடே என்னும் கணித அறிஞர், திரும்பப் போடுவதில்லை என்று கொண்டு கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்தது 77 : 53 : 35. 1665இல் இருவரும் கடிதம் எழுதி வாதிட்டனர். ஒருவர் கணக்கில் மற்றவர் பிழை தேடினார். பிழை எங்கும் இல்லை. இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கண்டிருந்தனர்.

பின்னர் இக்கணக்கு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வாழ்ந்த யாக்கோப் பெர்னூலியின் கைக்குச் சென்றது. அவர் 1705இல் மறைந்தார். அவருடைய பெருநூல் 1713இல் வெளிவந்தது. அதன் முதற்பகுதி, ஹைகன்ஸின் நூலை முழுமையாகத் தந்து, பெர்னூலியின் விளக்கங்களையும் சேர்த்தது. இரண்டாம் கணக்குக்கு அவர் மூன்று பொருள்களைக் காட்டினார்: எடுத்ததைத் திரும்பப் போடுவது, போடாமல் பொதுக்குவியலிலிருந்தே எடுப்பது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பன்னிரண்டு வில்லைகள் இருப்பது. எது சரி, எது தவறு என்று சண்டையிடவில்லை. மூன்றுக்கும் விடை கண்டார்.

'சூதாட்டக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா?' என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஹைகன்ஸின் ஐந்தாம் கணக்கையே விடையாகச் சொல்லலாம். இருவரிடமும் ஆளுக்கு 12 வில்லைகள். மூன்று பகடைகளை உருட்டும்போது கூட்டுத்தொகை 14 வந்தால் முதலாமவருக்கு ஒரு வில்லை. 11 வந்தால் இரண்டாமவருக்கு ஒரு வில்லை. எல்லா வில்லைகளையும் பெறுபவர் வென்றவர். மொத்தம் 216 வழிகளில் 14 வருவது 15 வழிகளில். 11 வருவது 27 வழிகளில். ஒவ்வொரு வில்லைக்கும் வாய்ப்பு விகிதம் 5 : 9 மட்டுமே. ஆனால் ஆட்டம் முழுவதற்கும் விகிதம் 244140625 : 282429536481. அதாவது, ஏறத்தாழ 1 : 1157! ஒவ்வோர் ஆட்டத்திலும் தனக்குச் சாதகத்தை வைத்துக்கொண்டிருப்பவரிடம் தொடர்ந்து விளையாடுபவர் என்ன ஆவார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிவுரையும் சொல்லிவிடாது.

இதனால், மாணவர் எதை எழுதினாலும் சரியென்று கொள்ளலாம் என்பது பொருளன்று. உண்மையான பிழையும் உண்டு. 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் த'அலம்பேர் என்னும் புகழ்பெற்ற கணித அறிஞர், ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழுவதற்கான வாய்ப்பு 2/3 என்று வாதிட்டார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே தலை, பூ–தலை, பூ–பூ என மூன்றே நிலைகள் என்பது அவர் வாதம். அம்மூன்றும் சமவாய்ப்பு உடையவை அல்ல. சரியான விடை 3/4. இது கேள்வியின் குறையன்று, சிந்தனையின் பிழை.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஆசிரியரின் பணி. விடைப்பக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

பிரச்சனைக் கணக்குகளைத் தயாரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிகழ்தகவுக் கேள்வியை அச்சிடுமுன் மூன்றைச் சரிபாருங்கள்: எடுத்ததைத் திரும்பப் போடுவதா? வரிசை முக்கியமா? எல்லா விளைவுகளும் சமவாய்ப்பு உடையவையா? 'திரும்பப் போடாமல்' என்னும் இரண்டு சொற்கள் ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக் காப்பாற்றும். பெற்றோர்களும், பிள்ளையின் விடை புத்தகத்தோடு ஒத்துவராதபோது, உடனே கடிந்துகொள்ளாமல் கேள்வியை ஒருமுறை சேர்ந்து படியுங்கள்.

அன்று அம்மாணவியின் தாளில் 9/25, 3/10 ஆகிய இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நிபந்தனைக்கு உரியது என்று குறித்துக் கொடுத்தேன். 'தவறு' என்று சொன்னதற்காக வருத்தமும் தெரிவித்தேன். அவள் சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த முறை ஹைகன்ஸின் இரண்டாம் கணக்கை அவளுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். நிபந்தனை எதையும் சொல்லாமல்.

உங்கள் வகுப்பறையிலும் இத்தகைய அனுபவம் நேர்ந்திருந்தால் பகிர்ந்துகொள்ளுங்கள். மீண்டும் சந்திப்போம்.