சோனிக் ரோபோ பிளாஸ்ட் 2 கார்ட்: ஒரு பந்தய ஆட்டத்தின் முன்கதை

சோனிக் ரோபோ பிளாஸ்ட் 2 கார்ட் என்பது 2018 நவம்பரில் வெளிவந்த, கணினியில் இலவசமாக விளையாடக் கிடைக்கும் கார்ட் பந்தய நிகழ்பட ஆட்டம் ஆகும். செகா நிறுவனத்தின் சோனிக் கதைமாந்தரைக் கொண்டு, கார்ட் க்ரூ என்னும் ரசிகர் குழு இதனை உருவாக்கியது. பார்வைக்கு இது 1990களின் ஆட்டம் போலவே இருக்கும். ஓட்டுநரும் வண்டியும் முப்பரிமாண உருவங்கள் அல்ல. பல கோணங்களில் வரைந்து வைத்த தட்டையான படங்கள். பழமையின் மீதுள்ள ஆசை மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஆட்டத்தை இயக்கும் நிரலின் வேரே 1993ஆம் ஆண்டில் இருக்கிறது.

கார்ட் பந்தயம் என்ற வகைக்கு வடிவம் தந்தது, நிண்டெண்டோ 1992இல் வெளியிட்ட சூப்பர் மரியோ கார்ட். அதற்கு முன் 1990இல் அந்நிறுவனம் எஃப்-சீரோ என்ற அதிவேகப் பந்தய ஆட்டத்தை வெளியிட்டிருந்தது. அதில் ஒருவர் மட்டுமே விளையாட முடியும். இருவர் சேர்ந்து விளையாடும் பந்தயம் ஒன்றைச் செய்து பார்த்தபோது, திரையை மேலும் கீழுமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிரித்த திரையில் எஃப்-சீரோவின் நீண்ட நேர்ப்பாதைகளைக் காட்டக் கருவியால் இயலவில்லை. ஆகவே பாதைகள் ஒரு சிறு பரப்புக்குள் வளைந்து சுற்றின. அவற்றுக்கு ஏற்ற சிறு வண்டியாகக் கார்ட் வந்தது. மரியோ அந்த வண்டியில் ஏறியது அதற்கும் பிறகுதான்! தரை முழுவதும் ஒரே தட்டையான படம். 'மோட் 7' என்ற வசதி அப்படத்தைச் சுழற்றியும் சாய்த்தும் தொலைவு இருப்பதுபோல் காட்டியது. அதற்கான கணக்குகளை விரைந்து செய்யக் கேட்ரிட்ஜுக்குள் தனிச் சில்லு ஒன்று வைக்கப்பட்டது. அப்போதும் பாதையில் உண்மையான மேடுபள்ளம் இல்லை.

சோனிக் கார்ட் ஆட்டம் விதிகளை இந்த மரபிலிருந்து பெற்றது. நிரலோ முற்றிலும் வேறான ஓர் ஆட்டத்திலிருந்து வந்தது. ஐடி சாப்ட்வேர் 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம் என்ற சுடும் ஆட்டமே அது. டூமின் களம் அடிப்படையில் ஒரு வீட்டு மனைப்படம் போன்றது. கோடுகளால் பகுதிகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தரையின் உயரமும் கூரையின் உயரமும் குறிக்கப்படும். ஓர் அறையின் மேல் இன்னோர் அறையை அமைக்க இயலாது. அந்நிறுவனம் 1997 டிசம்பர் 23 அன்று இதன் மூல நிரலை வெளியிட்டது. வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்று முதலில் இருந்த கட்டுப்பாடு, 1999இல் குனூ பொதுமக்கள் உரிமத்துக்கு மாறியபோது விலகியது. அந்த நிரலிலிருந்து டூம் லெகசி பிறந்தது. அதைத் திருத்தி, ஓடித் தாவும் ஆட்டமான சோனிக் ரோபோ பிளாஸ்ட் 2ஐ ரசிகர்கள் உருவாக்கினர். சரிவான தரையும், தரைக்கு மேல் தரையும் காலப்போக்கில் சேர்க்கப்பட்டன. மரியோ கார்ட்டில் இல்லாத குன்றுகளும் பாலங்களும் இங்கே அமைந்தது இதனால்தான். வலையமைப்பில் பலர் சேர்ந்து விளையாடும் வசதி டூமிலேயே இருந்தது. கார்ட் ஆட்டத்தில் 16 பேர் வரை இணையவழி போட்டியிடலாம்.

நிரல் எல்லோருக்கும் உரியது. சோனிக் என்ற முகம் செகாவுக்கு உரியது. ஆகவே ஆட்டத்தை விற்க முடியாது, உழைத்தவர்களுக்கு அதிலிருந்து வருமானமும் இல்லை. உரிமையாளர் எதிர்த்தால் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் இணையத்திலிருந்து நீங்கிவிடும். மெட்ராய்டு ரசிகர்களின் மறுவாக்கம் ஒன்றுக்கு 2016இல் அப்படித்தான் நேர்ந்தது. நிண்டெண்டோ பதிப்புரிமை கோரி அதை நீக்கச் செய்தது. செகா பொதுவாக இலவச ரசிகர் ஆட்டங்களைத் தடுப்பதில்லை. 2017இல் அது வெளியிட்ட சோனிக் மேனியாவை உருவாக்கியவர்களிலேயே முன்னாள் ரசிகப் படைப்பாளிகள் இருந்தனர். இருப்பினும் தடுக்காதிருப்பது வேறு, அனுமதி அளிப்பது வேறு.

கார்ட் க்ரூவின் அடுத்த ஆட்டமான டாக்டர் ரோபாட்னிக்ஸ் ரிங் ரேசர்ஸ் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. தொடக்கப் பயிற்சிப் பகுதி மிக நீளம் என்று விளையாடியோர் பலர் குறைகூறினர். அதுவும் டூம் நிரலின் வழிவந்ததே, அதுவும் இலவசமே.