ரேமண்ட் வில்லியம்ஸ்: கோட்பாட்டாளருக்கு முந்தைய நாவலாசிரியர்

இலக்கியக் கோட்பாட்டு வகுப்புகளில் ரேமண்ட் வில்லியம்ஸ் பண்பாட்டு ஆய்வுத் துறையின் முன்னோடியாக அறிமுகமாகிறார். அவர் நாவல்களும் எழுதினார் என்ற செய்தி அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் வெளியே தெரிந்ததைவிடப் பன்மடங்கு நேரத்தைப் புனைவுக்கே கொடுத்ததாக, 1979இல் வெளிவந்த நேர்காணல் நூலில் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய நூல்களைக் கால வரிசைப்படி வைத்துப் பார்த்தால் அது மிகையில்லை என்பது விளங்கும்.

1921 ஆகஸ்ட் 31இல், வேல்ஸின் தென்கிழக்கு எல்லையில், அபர்கவெனி நகரை அடுத்த பாண்டி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ரயில்வே சிக்னல்மேன், தொழிற்கட்சிக்காரர். இங்கிலாந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வெல்ஷ் மொழி அந்த வட்டாரத்தில் முன்பே தேய்ந்துபோனதால் வீட்டில் ஆங்கிலம்தான். 1926 பொது வேலைநிறுத்தத்தில் தந்தையும் கலந்துகொண்டபோது மகனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

1939இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். இடையில் போர் வந்தது. டாங்கி எதிர்ப்புப் படைப்பிரிவில் நார்மண்டியில் போரிட்டு, திரும்பிவந்து 1946இல் பட்டம் பெற்றார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள்தாம் முக்கியமானவை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் சசெக்ஸ் பகுதியில் முதியோர் கல்வி வகுப்புகள் எடுத்தார். இதே காலத்தில் அவருடைய மேசையில் இரண்டு எழுத்துப் பணிகள் நடந்தன. ஒன்று, 1958இல் அவருக்குப் புகழ் தேடித்தந்த ‘கல்ச்சர் அண்ட் சொசைட்டி’. மற்றது, 1947லேயே தொடங்கி, ஏழு முறை திருத்தி எழுதி, 1960இல் வெளிவந்த ‘பார்டர் கன்ட்ரி’ நாவல். கோட்பாட்டாளர் ஓய்வு நேரத்தில் கதை எழுதினார் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

நாவலின் நாயகன் மேத்யூ லண்டனில் பொருளாதார வரலாற்று விரிவுரையாளர். ஊரில் அவன் பெயர் வில். நோயுற்ற தந்தை ஹாரியைப் பார்க்க வருகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கு மக்கள் குடிபெயர்ந்ததுதான் அவனுடைய ஆராய்ச்சி. புள்ளிவிவரம் கையில் இருக்கிறது. சொந்த ஊரைவிட்டுப் போன தன் கதை மட்டும் அதற்குள் அடங்கவில்லை. ஒரு காலத்தின் வாழ்க்கையை அதை வாழ்ந்தவர்கள் உள்ளிருந்து உணரும் விதத்தைக் குறிக்க வில்லியம்ஸ் 1954லேயே பேசத் தொடங்கியிருந்த ‘உணர்வுக் கட்டமைப்பு’ என்ற கருத்தாக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையும் விளக்கவில்லை என்பேன். ஹாரியின் நண்பர் மார்கன் ராசரையும் மறக்க முடியாது. வேலைநிறுத்த நாட்களில் சுரங்கத் தொழிலாளருக்கு உணவு திரட்டி அனுப்பிய அதே மார்கன், பின்னாளில் உணவுப்பொருள் வியாபாரியாகிறார். நாவல் அவரைத் துரோகி என்று தள்ளிவிடவில்லை. வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப் பிறகு ஒருவர் எந்த வழியில் போகக்கூடும் என்பதைப் பொறுமையாகக் காட்டுகிறது.

1961இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். 1974இல் அங்கே நாடகத் துறைப் பேராசிரியரானார். நாவல் நிற்கவில்லை. ‘செகண்ட் ஜெனரேஷன்’ (1964) கார் தொழிற்சாலைக் குடும்பங்களைப் பேசியது. நாட்டுப்புறத்தையும் நகரத்தையும் ஆங்கில இலக்கியம் எப்படிக் கண்டது என்று ‘தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி’யில் (1973) அவர் ஆராய்ந்தார். வேல்ஸ் பள்ளத்தாக்கில் புதுநகரம் கட்டும் திட்டத்தையும் அதன் பின்னாலிருந்த நில வியாபாரத்தையும் தொட்ட ‘தி ஃபைட் ஃபார் மனாட்’ (1979) அதே விவாதத்தின் தொடர்ச்சி. மேத்யூ இதில் மீண்டும் வருகிறான். இந்த நாவலில் பாத்திரங்கள் சில இடங்களில் கருத்தரங்கில் பேசுவதுபோலப் பேசுவதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நாவலின் மௌனம் இதில் இல்லை.

எல்லையோரப் பிள்ளையாக வளர்ந்தவர், வயது ஏற ஏற வேல்ஸையே தம் களமாக வரித்துக்கொண்டார். கடைசி முயற்சியான ‘பீப்பிள் ஆஃப் தி பிளாக் மவுண்டன்ஸ்’, பிறந்த ஊரை ஒட்டிய மலைகளின் கதையை கி.மு. 23,000இலிருந்து தொடங்குகிறது. அதை முடிப்பதற்குள் 1988 ஜனவரியில் இறந்துபோனார். எழுதி முடித்திருந்த பகுதிகள் 1989, 1990 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. கதை இடைக்காலத்தோடு நின்றுவிட்டது.