சேகா வேர்ல்டு லண்டன்

சேகா வேர்ல்டு லண்டன், ஜப்பானின் சேகா நிறுவனம் லண்டன் மாநகரின் நடுவே, பிக்காடில்லி சர்க்கஸில் உள்ள டிரோகடேரோ கட்டடத்துக்குள் நடத்திய உள்ளரங்க வீடியோ கேம் பூங்கா. 1996 செப்டம்பர் 7 அன்று திறக்கப்பட்டது. செலவு சுமார் 4.5 கோடி பவுண்டு. மூன்றே ஆண்டுகளில், 1999 செப்டம்பரில், சேகா அதைக் கைகழுவியது.

1990களின் தொடக்கத்தில் கேம் சென்டர் தொழிலில் சேகாவே முன்னணியில் நின்றது. 'வர்ச்சுவா ஃபைட்டர்', 'டேட்டோனா யுஎஸ்ஏ' போன்ற விளையாட்டுகளின் முப்பரிமாணக் காட்சிகளை வீட்டு டிவியில் அப்போது பார்க்க முடியாது. அந்தத் தெம்பில்தான் மெஷின்களையும் ரைடுகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரும் யோசனை பிறந்தது. மழை தடையில்லை, ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலமும் வேண்டாம். 1994 ஏப்ரலில் ஒசாகாவிலும் ஜூலையில் யோகோஹாமாவிலும் இத்தகைய பூங்காக்கள் திறக்கப்பட்டன. யோகோஹாமாவின் பெயர் ஜாய்போலிஸ். அதே அச்சை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

பூங்கா ஏழு தளங்களில் பரவியிருந்தது. வருபவர்களை நீளமான எஸ்கலேட்டர் ஒன்று நேராக உச்சிக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கி வரவேண்டும். பெரிய ரைடுகள் ஆறு. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு விண்வெளிப் போர் புரியும் மெய்நிகர் ரைடும், பந்துகளை வாரிச் சுடும் மோதுகார்களும் அவற்றில் அடக்கம். இவை தவிர நானூறு மெஷின்களுக்கு மேல் இருந்தன.

சறுக்கியது கட்டணத்தில். பெரியவர்களுக்கு 12 பவுண்டு, சிறுவர்களுக்கு 9. இந்தத் தொகையில் ரைடுகள் சேர்த்தி. மெஷின்களுக்குத் தனியாகக் காசு போடவேண்டும். ரைடுகளுக்கோ நீண்ட வரிசை. பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கொன்னையூர் மாரியம்மன் திருவிழா மாதிரி இடங்களில் திடலுக்குள் நுழையக் காசில்லை. ராட்டினத்தில் ஏறினால்தான் காசு. 1995இல் தாம்பரம் அருகே தொடங்கிய கிஷ்கிந்தா போன்ற பூங்காக்களின் வழி வேறு: வாசலில் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். இரண்டுமே மக்களுக்குப் புரிந்த கணக்கு. சேகா வேர்ல்டு வாசலிலும் வாங்கியது, உள்ளேயும் வாங்கியது. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 42 பவுண்டு கட்டிய பிறகும் பிள்ளைகளின் கை சட்டைப்பையைத் துழாவும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நுழைவுக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், பிறகு அடியோடு நீக்கி ரைடுக்கு ரைடு வசூலித்தார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

கட்டணம் மட்டும் காரணமில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 1995 செப்டம்பரில் ஐரோப்பாவுக்கு வந்து, மறு ஆண்டே பிரிட்டனில் 199 பவுண்டுக்கு இறங்கிவிட்டது. ஒரு குடும்பம் ஐந்து முறை பூங்காவுக்குப் போகும் செலவில் அதை வாங்கி, வருடம் முழுக்க வீட்டிலேயே விளையாடலாம். இன்னொரு பக்கம் சேகாவின் வீட்டுக் கருவியான சாட்டர்ன் மேற்கு நாடுகளில் தோற்க, 1998 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் பெரும் நட்டம் காட்டியது. தூர தேசத்துப் பூங்காவுக்குப் புது ரைடுகள் அனுப்ப அதனிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை.

சிட்னி டார்லிங் ஹார்பரில் 1997 மார்ச்சில் திறந்த சேகா வேர்ல்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒலிம்பிக் முடிந்த கையோடு 2000 நவம்பரில் மூடப்பட்டது. வால்ட் டிஸ்னி நிறுவனம் இதே வகையில் சிகாகோவில் 1999இல் தொடங்கிய டிஸ்னிகுவெஸ்ட் இரண்டே ஆண்டு தாங்கியது. ஆர்லாண்டோவில் இருந்தது மட்டும் 2017 வரை ஓடியது. இந்தியாவில் 2012இல் மும்பையில் கிளம்பிய 'ஸ்மாஷ்' விளையாட்டு மையங்கள் பல நகரங்களுக்குப் பரவி, 2022இல் திவால் நடவடிக்கைக்குள் போயின. அங்கே கொரோனா ஊரடங்கும் சேர்ந்துகொண்டது.

சேகா விலகிய பிறகு லண்டன் இடம் 'ஃபன்லேண்ட்' என்ற பெயரில் சாதாரண கேம் சென்டராக 2011 வரை நடந்தது. 2020 முதல் அந்தக் கட்டடத்தில் ஜன்னலில்லாத அறைகள் கொண்ட ஹோட்டல் இயங்குகிறது. ஜாய்போலிஸ்களில் பெரும்பாலானவையும் மூடப்பட்டுவிட்டன. 1996இல் திறந்த டோக்கியோ ஜாய்போலிஸ் தப்பியிருக்கிறது. நுழைவுச்சீட்டு மட்டும் வாங்கி ரைடுக்கு ரைடு கட்டுவதா, மொத்தமாகக் கட்டிவிடுவதா என்பதை அங்கே வருபவரே முடிவு செய்யலாம். ஆனால் அதை நடத்தும் நிறுவனத்தின் 85.1 சதவீதப் பங்குகளை சேகா 2017 தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.