வெள்ளையர் பார்த்ததும் பாராததும்

ஜோகன்னஸ்பேர்க் நகரின் மேற்கே சோபியாரவுண் என்றொரு குடியிருப்பு இருந்தது. தென்னாபிரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் காணியைச் சொந்தமாக வைத்திருக்கக்கூடிய ஒருசில இடங்களில் அதுவும் ஒன்று. எழுத்தாளரும் இசைக்கலைஞரும் பத்திரிகையாளரும் கூடிக் களித்த இடம். 1955 பெப்ரவரி 9ஆம் திகதி, ஏறக்குறைய 2,000 பொலிஸார் காவல் நிற்க, அவ்வூர் மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு லொறிகளில் ஏற்றப்பட்டு மெடோலான்ட்ஸ் என்னும் இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அன்று தொடங்கிய அகற்றல் சில ஆண்டுகள் நீடித்தது. இடித்த வீடுகளின் மேல் வெள்ளைத் தொழிலாளருக்கு வீடுகள் எழுந்தன. ஊருக்குப் புதுப்பெயரும் சூட்டினார்கள்: திரியோம்ஃப். ஆபிரிக்கான்ஸ் மொழியில் ‘வெற்றி’ என்று பொருள்.

இதே பெயரில் மார்லீன் வான் நீக்கேர்க் 1994இல் ஒரு நாவல் எழுதினார். அதிலே வருவது அவ்வூரில் வாழும் ஓர் ஏழை வெள்ளைக் குடும்பம். அவ்வாண்டின் பொதுத்தேர்தல் நெருங்குகிறது. கலகம் மூண்டால் வடக்கே ஓடிவிட வேண்டுமென்று மகன் லம்பேர்ட் பெற்றோல் சேமிக்கக் குழி தோண்டுகிறான். தோண்டத் தோண்ட, இடிபட்ட சோபியாரவுணின் எச்சங்கள் வெளிவருகின்றன. தான் யாருடைய வீட்டின் மேல் படுத்துறங்கினோம் என்பது அவன் கைக்குத்தான் முதலில் தெரிகிறது.

ஏன் இவ்வளவு காலம் தெரியாமற் போயிற்று? வெள்ளையர் எல்லோரும் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். வரலாறு அப்படிச் சொல்ல விடவில்லை.

1922இல் ரான்ட் தங்கச் சுரங்கங்களிலே வெள்ளைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களுக்குப் பதிலாகக் குறைந்த கூலிக்குக் கறுப்பினத்தவரைச் சுரங்க முதலாளிகள் அமர்த்த முனைந்ததே காரணம். உலகத் தொழிலாளரே ஒன்றுபடுங்கள், வெள்ளைத் தென்னாபிரிக்காவுக்காகப் போராடுங்கள் என்பது அவர்களில் ஒருசாரார் ஏந்திய சுலோகம்! பிரதமர் ஸ்மட்ஸ் பீரங்கியும் விமானமும் கொண்டு அவர்களை அடக்கினார். ஆயினும் 1924 தேர்தலில் தோற்றவர் ஸ்மட்ஸ்தான். 1926இல் சுரங்கங்களில் நிறத்தடை சட்டமாயிற்று. புகையிரதப் பகுதியில் ஏழை வெள்ளையருக்கென்றே வேலைகள் ஒதுக்கப்பட்டன. அவர்களின் வறுமையை ஆராய்ந்த கார்னெகி ஆணைக்குழு 1932இல் ஐந்து தொகுதிகளில் அறிக்கையிட்டது. ஏழை வெள்ளையரைக் கைதூக்கிவிட அரசும் முனைந்து நின்றது. இப்படி ஏறி வந்த தலைமுறைக்குத் தன் உழைப்பு நினைவில் நின்றது, ஏணி மறந்துபோயிற்று. உழைத்தது பொய்யில்லை. ஆகவேதான் அந்த மறதியை அசைப்பது இத்தனை கடினமாயிருந்தது என்பேன்.

மனம் இளகியவர்களும் இருந்தார்கள். அலன் பேற்றன் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில் ஜார்விஸ் என்ற வெள்ளைப் பண்ணையார் வருகிறார். கறுப்பு இளைஞன் ஒருவன் கையால் மகனைப் பறிகொடுத்தவர். மகன் எழுதிவைத்த தாள்களை வாசித்து மனம் மாறி, பள்ளத்தாக்குக் குழந்தைகளுக்குப் பால் அனுப்புகிறார். கண்ணீர் வரவழைக்கும் கட்டந்தான். ஆனால் மேட்டிலுள்ள நல்ல நிலம் ஜார்விஸிடமே இருக்கிறது. 1913ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதம். 1936இல் அது 13 சதவீதம் அளவுக்கு உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்குக்குப் பால் மட்டும் எப்படிப் போதும்?

நடீன் கோடிமர் இந்த இடத்திலே இரக்கமின்றி எழுதியவர். 1981இல் வந்த அவருடைய நாவலில், கற்பனையான ஓர் உள்நாட்டுப் போரிலே தாராள மனமுள்ள வெள்ளைத் தம்பதியர் தங்கள் வேலைக்காரன் ஜூலையின் கிராமத்தில் அடைக்கலம் புகுகிறார்கள். பதினைந்து ஆண்டு வீட்டோடு இருந்தவன். அவனுடைய உண்மைப் பெயர் ஜூலை இல்லை என்பதே எசமானிக்கு அங்கேதான் தெரியவருகிறது. அன்பாக நடத்தினோம் என்று நம்பியிருந்தவளுக்கு, அந்த அன்பு அவன் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்பது பேரிடியாகிறது.

சோபியாரவுண் அழிக்கப்படத் தொடங்கிய அதே 1955இல் ஆறு வெள்ளைப் பெண்கள் ‘கறுப்புப் பட்டி’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் அவர்களின் கோபம் அரசியலமைப்பை மீறிக் கலப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க முயன்றதைப் பற்றியது. பின்பு ஆலோசனை நிலையங்களை நடத்தி, கடவுச்சீட்டுச் சட்டத்தால் அல்லற்பட்டவர்களின் வழக்குகளைக் கேட்கலானார்கள். மேசைக்கு இப்புறம் அமர்ந்து ஆண்டுக்கணக்காகக் கேட்டவர்களுக்குக் கண் திறந்தது. மற்றவர்கள் அவர்களைத் துரோகிகள் என்று ஏசினார்கள்.

1992 மார்ச்சில் வெள்ளையரிடம் மட்டும் நடத்திய வாக்கெடுப்பில் 68.7 சதவீதத்தினர் சீர்திருத்தப் பேச்சைத் தொடர இணங்கினர். இதைச் சிறிதாக்கிப் பேசக்கூடாது. சட்டத்தை விட்டுக்கொடுக்க ஒப்பினார்கள். சட்டம் சேர்த்துத் தந்ததை விட்டுக்கொடுப்பது வேறு சங்கதி. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் டி கிளார்க் மன்னிப்புக் கோரினார். கொலைகளுக்கு அனுமதி கொடுத்ததில்லை என்றும் சொன்னார். பழைய ஆட்சியால் பயனடைந்தோர்மீது செல்வ வரி விதிக்கும் யோசனையும் ஆணைக்குழுவின் 1998 அறிக்கையில் இடம்பெற்றது. 2003இல் ஜனாதிபதி தாபோ ம்பெக்கி அவ்வரியை நிராகரித்தார். திரியோம்ஃப் என்ற பெயர் 2006இல் நீக்கப்பட்டு, அவ்வூர் மீண்டும் சோபியாரவுண் ஆயிற்று.