கால்குலஸை எதிர்த்தவர் பெயரில் ஒரு தேற்றம்

ஒரு கார் ஒரு மணி நேரத்துல 100 கிலோமீட்டர் ஓடியிருக்குன்னா, வழியில ஏதோ ஒரு கணத்துல அதோட வேகம் சரியா 100-ஆ இருந்திருக்கணும். எந்தக் கணம்னு தெரியாது, ஆனா கட்டாயம் உண்டு. மீன் வேல்யூ தேற்றம் சொல்றது இதைத்தான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின நமக்கு, இதுக்குப் பின்னால ஒரு சண்டை இருந்ததுன்னு யாரும் சொல்லலை.

மிஷெல் ரோல், 1652-ல் பிரான்ஸில் பிறந்த கடைக்காரர் மகன். கணிதத்தைத் தானாகவே கற்று, 1685-ல் பாரிஸ் அறிவியல் அகாடமிக்குள்ள போயிட்டார். 1691-ல் அவர் நிறுவியது இது: ஒரு பல்லுறுப்புக் கோவை இரண்டு இடத்துல பூஜ்யமானா, நடுவுல எங்கேயோ அதன் வகைக்கெழுவும் பூஜ்யமாகும். அதாவது, தரையில கிளம்பி தரைக்கே திரும்புற வளைவு ஓரிடத்துலயாவது மட்டமா இருக்கும். இதை அவர் வெறும் அல்ஜீப்ராவாலயே காட்டினார்.

ஏன்னா, கால்குலஸ் மேல அவருக்கு நம்பிக்கையே இல்லை. 1700 வாக்கில் அகாடமியில் அதை நேரடியாவே தாக்கினார். அவர் கேள்வியை நம்ம பேச்சுல சொன்னா: ஒரு குட்டி அளவால வகுக்கிறீங்க, அடுத்த வரியில அதையே பூஜ்யம்னு தூக்கிப் போடறீங்க. ரெண்டுல எதுங்க அது? எதிர்த்தரப்புல நின்ன பியர் வாரிஞோன், ரோல் காட்டின உதாரணங்கள்ல இருந்த பிழைகளைப் பிடிச்சார். ஆக, உதாரணத்துல ரோல் தோத்துட்டார். ஆனா கேள்வி நியாயமானதுன்னுதான் நான் சொல்வேன்.

அதுக்கு ஒழுங்கான பதில் வர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கோஷி 1823-ல் வெளியிட்ட எக்கோல் பாலிடெக்னிக் பாடங்களில், 'எல்லை'ங்கிற கருத்து மேல கால்குலஸைக் கட்டினார். அந்தக் கட்டடத்துக்கு மீன் வேல்யூ தேற்றம் முக்கியமான தூண். வேகம் எப்பவுமே பூஜ்யம்னா வண்டி நகரவே இல்லைன்னு சொல்றோமே, இவ்வளவு வெளிப்படையான விஷயத்தை நிரூபிக்கவும் அதுதான் வேணும்.

இன்னைக்கு வகுப்புல நடத்துற நிரூபணம் பிற்பாடு ஒஸ்ஸியான் போனே தந்தது. வளைவோட ரெண்டு முனையையும் இணைக்கிற நேர்கோட்டைக் கழிச்சுடுங்க. மிச்சம் தரையில தொடங்கி தரையில முடியும். அப்புறம் ரோல் சொன்னதே போதும். ரோல் பல்லுறுப்புக் கோவைக்கு மட்டும்தான் சொன்னார், அதை மற்ற வளைவுகளுக்கும் விரிச்சது பின்னால வந்தவங்க.

ரோல் 1719-லேயே இறந்துட்டார். 1834-ல் ட்ரோபிஷ் என்ற ஜெர்மானியர்தான் அந்தத் தேற்றத்துக்கு அவர் பெயரை வைத்தார். இப்போ எந்தக் கால்குலஸ் புத்தகத்தைப் புரட்டினாலும், மீன் வேல்யூ தேற்றத்துக்குச் சற்று முன்னால அந்தப் பெயர் இருக்கும்.