ஒரு பிட்டும் பிசகக் கூடாது

கிராமத்துக்கு ஃபோன் வரத் தடையாயிருந்தது கம்பி இழுக்கும் செலவு. அதைக் குறைக்க 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், மைடாஸ் நிறுவனத்தாருடன் சேர்ந்து உருவாக்கியதுதான் 'கார்டெக்ட்'. இதில் குரல் 64 கிலோபிட்டுக்குப் பதில் 32 கிலோபிட்டில் போகும்: நொடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 4 பிட். முந்தைய மாதிரிகளை வைத்து அடுத்ததை ஊகித்து, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் முறை.

இத்தகைய மென்பொருளைச் சோதிக்கச் சின்னப் புரோகிராம் போதும். ஐ.டி.யு.வின் ஜி.726 சோதனைக் கோப்பை உள்ளே விட்டு, வெளிவருவதைப் பிட் பிட்டாக ஒப்பிட வேண்டியதுதான். "நல்லாத்தானே கேக்குது"ன்னு விட்டால், வேறு கம்பெனிக் கருவியோடு பேசும்போது மாட்டிக்கொள்வோம். முதல் பிசகைப் பிடியுங்கள்; மற்றவை பெரும்பாலும் அதன் வாரிசுகளே. கடைமடை காய்ந்தால் மதகு மதகாக மேலேறிப் பார்க்கிற தஞ்சாவூர்க்காரருக்கு இதைச் சொல்லித் தரணுமா, என்ன?