கயிற்றிலிருந்து சங்கிலிக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பனியிலும் சேற்றிலும் மோட்டார் வண்டி செலுத்திய அமெரிக்கர் வழுக்காதிருக்கச் சில்லுகளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டனர். கயிறோ நெடுந்தூரம் தாங்குவதில்லை. நியூயோர்க் மாநிலத்தின் கனஸ்டோட்டாவைச் சேர்ந்த ஹரி வீட் என்பவர் கயிறு இருந்த இடத்தில் சங்கிலியை வைத்தார். 1904 ஓகஸ்ட் 23இல் அவருக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது.

கயிற்றிலும் இரும்பு வலியது என்பதை எவரும் அறிவர். வீட்டின் கெட்டித்தனம், என் கணிப்பில், வேறிடத்தில் இருந்தது. காற்று இறக்கிய டயரில் சங்கிலியை மாட்டிப் பின்னர் காற்றடைத்தால், உப்பிய டயரே அதனைப் பிடித்துக்கொள்ளும். சில்லோடு பிணைக்கப்படாமையால் சங்கிலி டயரின்மீது மெல்ல மெல்ல நகரும். டயர் ஒரே இடத்தில் தேய்வதில்லை.

இன்று காற்றை இறக்கவேண்டியதில்லை. கொளுக்கியும் இறுக்கியும் வந்துவிட்டன. ஆயினும் மலிவென்று அளவு பொருந்தாததை வாங்குவோர் உளர். தளர்ந்த சங்கிலி அறுந்து பிரேக் குழாயையே சிதைத்துவிடக்கூடும். டயரின் அளவுக்கேற்ப வாங்கி, இயந்திரம் உந்தும் சில்லுகளில் மாட்டி, சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்கவேண்டும். பெரும்பாலானவற்றுக்கு மணிக்கு 50 கிலோமீற்றரே உச்ச வேகம். சில கார்களிலோ சில்லைச் சுற்றிச் சங்கிலிக்குப் போதிய இடைவெளியே கிடையாது. ஆதலால் கடைக்குச் செல்லுமுன் வாகனக் கைந்நூலைப் புரட்டிப் பார்ப்பது நன்று.